நல்கையும் உறுதிமொழியும்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நிர்வாக அலுவலகம் உருவான வரலாறு

அமெரிக்காவின் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் எதை எடுத்துக்கொண்டாலும், அங்கு ‘ஸ்பான்சர்டு புரோகிராம்ஸ்’ என்ற பெயரிலோ அதற்கு நெருங்கிய வேறொரு பெயரிலோ ஆய்வு நிர்வாக அலுவலகம் ஒன்று இயங்குவதைக் காணலாம். ஆய்வுக்குப் பணம் தரக்கூடிய அரசுத் துறைகளையும் அறக்கட்டளைகளையும் பேராசிரியர்களுக்கு அடையாளம் காட்டுவது, செலவு மதிப்பீட்டைத் தயாரிக்க உதவுவது, கடைசி நாளுக்கு முன் விண்ணப்பத்தை முறைப்படி அனுப்பிவைப்பது ஆகியவை அதன் ஒரு பணி. மனிதர்களையும் விலங்குகளையும் கொண்டு நடத்தப்படும் சோதனைகளும், பணம் செலவிடப்படும் முறையும் சட்டத்துக்கும் நல்கை நிபந்தனைகளுக்கும் உட்பட்டு நடக்கின்றனவா என்று பார்ப்பது, அதாவது விதி இணக்கத்தை உறுதிசெய்வது, அதன் மற்றொரு பணி. பணத்தைத் தேடித் தரும் கையே கடிவாளத்தையும் பிடித்திருப்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முரணாகத் தோன்றினாலும், அந்த இணைப்பு தற்செயலானதன்று. நல்கை எனப்படும் ஆய்வு மானியத்தைச் சட்டப்படி பெறுவது பொதுவாகப் பல்கலைக்கழகமே அன்றிப் பேராசிரியர் அல்லர். பணத்தை ஏற்று இடப்படும் கையொப்பமே நிபந்தனைகளையும் ஏற்கிறது. ஆய்வகந்தோறும் தன் ஆட்களை நிறுத்துவதைத் தவிர்த்து, பணம் பெறும் நிறுவனத்தையே கண்காணிப்பாளராக்கும் வழியை அமெரிக்க அரசு படிப்படியாகத் தேர்ந்துகொண்டதன் விளைவே இந்த அலுவலகம்.

கல்லூரி ஆய்வுக்குக் கூட்டாட்சி அரசு தொடர்ச்சியாகப் பணம் தரத் தொடங்கியது வேளாண்மைத் துறையில்தான். 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம் மாநிலங்களுக்கு அரசு நிலங்களை வழங்கி, அவற்றின் வருவாயில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளைத் தோற்றுவித்தது. அக்கல்லூரிகளோடு இணைந்த சோதனைப் பண்ணை நிலையங்களுக்காக 1887ஆம் ஆண்டின் ஹாட்ச் சட்டம் மாநிலம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 15,000 டாலர் ஒதுக்கியது. அந்தப் பணம் ஆராய்ச்சியோடு நில்லாமல் கற்பித்தலுக்கும் விவசாயிகளுக்கான செயல்விளக்கங்களுக்கும் கசிந்ததால், 1906இல் நிறைவேறிய ஆடம்ஸ் சட்டம் தான் வழங்கிய கூடுதல் தொகையை மூல ஆராய்ச்சிக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று வரையறுத்தது. அந்த வரையறையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு வேளாண்மைத் துறையின் சோதனை நிலைய அலுவலகத்துக்கும் அதன் தலைவர் ஆல்ஃபிரட் ட்ரூவுக்கும் வந்தபோது, ஒவ்வொரு நிலையமும் தான் மேற்கொள்ளவிருக்கும் ஆய்வின் திட்டத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டது. நோக்கம், முறை, செலவு ஆகியவற்றை முதலில் தாளில் எழுதி, பிறகு ஆய்வில் இறங்கும் இன்றைய முறைக்கு அதுவே ஒரு முன்னோடி.

வேளாண்மைக்கு வெளியே, இருபதாம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளில், ஆய்வுக்கான வெளிப்பணம் பெரிதும் செல்வந்தர்களின் அறக்கட்டளைகளிலிருந்தே வந்தது. 1902இல் கார்னகி நிறுவனமும் 1913இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் தோன்றின. 1932இல் ராக்ஃபெல்லரின் இயற்கை அறிவியல் பிரிவுக்குத் தலைமையேற்ற வாரன் வீவர் போன்ற அதிகாரிகள் ஆய்வகங்களுக்கு நேரில் சென்று, ஆய்வாளர்களோடு பேசி, அவர்களுடைய திறமையைத் தாங்களே எடைபோட்டு நல்கையைத் தீர்மானித்தனர். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்த அந்த உலகில், இடையே ஓர் அலுவலகத்துக்குத் தேவை எழவில்லை. 1937ஆம் ஆண்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனச் சட்டம், வெளி ஆய்வாளர்களுக்கு நல்கை வழங்கும் அதிகாரத்தைப் பொதுச் சுகாதாரத் துறைக்குத் தந்து, அறிவியலாளர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுவின் பரிந்துரைப்படியே அது வழங்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. அளவில் சிறிதாக இருந்தபோதிலும், பிற்காலத்தில் மருத்துவ ஆய்வு முழுவதையும் தழுவவிருந்த ஓர் ஏற்பாட்டின் மாதிரி அதில் இருந்தது.

இந்த உறவுமுறையை அடியோடு மாற்றியது இரண்டாம் உலகப்போர். 1940 ஜூன் மாதத்தில் வானிவர் புஷ் தலைமையில் தேசியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழு அமைக்கப்பட்டதும், அடுத்த ஆண்டில் அது அறிவியல் ஆராய்ச்சி மேம்பாட்டு அலுவலகம் என்ற பெரிய அமைப்புக்குள் அடங்கியதும், அறிவியலாளர்களை அரசு ஊழியர்களாகத் திரட்டும் பழைய வழிக்கு மாறாக, அவர்கள் பணியாற்றிய பல்கலைக்கழகங்களோடு அரசு ஒப்பந்தம் செய்துகொள்ளும் புதிய வழி பிறந்தது. ஒப்பந்தத்தின் ஒரு தரப்பாக நின்றவர் பேராசிரியர் அல்லர். அறங்காவலர் குழுவும் கணக்குப் பிரிவும் கொண்ட சட்டபூர்வமான நிறுவனம். ராடார் ஆய்வின் மையமாக விளங்கிய மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், அதாவது எம்.ஐ.டி., போர்க்கால ஒப்பந்தங்களில் வேறெந்தக் கல்வி நிறுவனத்தையும் விடப் பெரிய பங்கைப் பெற்றது. தொழிற்சாலைகளோடு ஆய்வு ஒப்பந்தங்களைக் கையாள்வதற்காக 1920ஆம் ஆண்டையொட்டி அங்கு தொடங்கப்பட்ட தொழில் ஒத்துழைப்புப் பிரிவே போர்க்கால ஒப்பந்தங்களையும் நிர்வகித்தது என்பதால், ஒப்பந்தம் எழுதத் தெரிந்த அலுவலகம் ஒன்றை முன்கூட்டியே வைத்திருந்ததன் பயனை எம்.ஐ.டி. முழுமையாக அனுபவித்தது.

புஷ்ஷின் நிர்வாகச் செயலாளராக இருந்த இர்வின் ஸ்டூவர்ட் முதலியோர் வகுத்த கொள்கையின்படி, போர்ப்பணியால் பல்கலைக்கழகம் லாபமும் அடையக் கூடாது, நட்டமும் படக் கூடாது. ஆய்வாளரின் சம்பளத்தையும் கருவியின் விலையையும் ஒரு குறிப்பிட்ட ஆய்வின் கணக்கில் நேரடியாக எழுதிவிடலாம்; ஆனால் கட்டடப் பராமரிப்பு, மின்சாரம், நூலகம், கணக்கர், காவலர் ஆகிய செலவுகள் எல்லாப் பணிகளுக்கும் பொதுவானவை. மறைமுகச் செலவு எனப்படும் இந்தப் பொதுச்செலவை ஈடுகட்ட, சம்பளத் தொகையில் 50 விழுக்காட்டைக் கூடுதலாகத் தரும் ஏற்பாடு பல்கலைக்கழகங்களுக்கான பொதுவான அளவாக அமைந்தது. போர் முடிந்ததும் ஆய்வாளர்கள் வீடு திரும்பினர். தணிக்கை, காப்புரிமைப் பிரிவுகள், மறைமுகச் செலவுக்கான பேரம் ஆகியவை மட்டும் பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிட்டன.

அமைதிக்காலத்திலும் அரசுப்பணம் நிற்கவில்லை. அடிப்படை ஆய்வை அரசு ஆதரிக்க வேண்டும் என்று வாதிட்ட புஷ்ஷின் அறிக்கை 1945 ஜூலையில் வெளிவந்தது; அது கோரிய தேசிய அமைப்பைப் பற்றிய அரசியல் இழுபறி ஐந்தாண்டுகள் நீடித்து, 1950இல்தான் தேசிய அறிவியல் அறக்கட்டளையாக முடிந்தது. அந்த இடைவெளியை 1946இல் தோன்றிய கடற்படை ஆராய்ச்சி அலுவலகமும், தேசியச் சுகாதார நிறுவனமும் நிரப்பின. கல்வி நிறுவனங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களில் எச்செலவுகள் ஏற்கத்தக்கவை என்பதை விளக்கி ராணுவத் துறைகள் 1947இல் வெளியிட்ட விதித்தொகுப்பு, ‘நீலப் புத்தகம்’ என்று பல்கலைக்கழகக் கணக்கர்களிடையே பெயர் பெற்றது. சுகாதார நிறுவனமோ, 1946இல் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட போர்க்கால மருத்துவ ஆய்வு ஒப்பந்தங்களை நல்கைகளாக மாற்றிக்கொண்டு, விண்ணப்பங்களை அத்துறை அறிஞர்களே மதிப்பிடும் ஒப்பாய்வுக் குழுக்களை அமைத்தது. ஒப்பந்தத்தில் அரசு தனக்கு வேண்டிய ஒன்றை விலைகொடுத்து வாங்குகிறது. நல்கையிலோ, பொதுநன்மை கருதி ஆய்வாளர் தாமே முன்வைத்த பணிக்கு உதவுகிறது. நல்கையில் கட்டுப்பாடு குறைவு என்பதாலேயே அறிவியலாளர்கள் அதை விரும்பினர். பணத்துக்குக் கணக்குக் கேட்கும் நாடாளுமன்றம் அதை ஐயத்தோடு நோக்கியதற்கும் அதுவே காரணம்.

1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவிய பிறகு ஆய்வு நிதி பெருகியது. விதிகளும் அதனோடு பெருகின. 1958இல் அரசின் வரவுசெலவு அலுவலகம் வெளியிட்ட ‘ஏ-21’ என்ற சுற்றறிக்கை, நீலப் புத்தகத்தின் கொள்கைகளை எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக்கி, மறைமுகச் செலவைக் கணக்கிடும் முறையை வகுத்தது. இருந்தும், சுகாதார நல்கைகளில் அச்செலவுக்குத் தனி உச்சவரம்பு நீடித்தது. 8 விழுக்காடாகத் தொடங்கி, பின்னர் 15 ஆகி, 1963இல் 20 ஆக உயர்ந்த அந்த வரம்பு 1966இல்தான் நீக்கப்பட்டது. உண்மைச் செலவுக்கும் கிடைக்கும் தொகைக்கும் இருந்த இடைவெளியைப் பல்கலைக்கழகங்கள் தம் சொந்த வருவாயிலிருந்து நிரப்ப வேண்டியிருந்ததால், ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் வாதாடத் தெரிந்த ஊழியர்கள் தேவைப்பட்டனர். பொருளாளர் அலுவலகத்தில் ஒரு மேசையாக இருந்த வேலை தனித் தொழிலாகத் திரண்டது இந்தக் காலத்தில்தான். பல்கலைக்கழக ஆய்வு நிர்வாகிகளின் தேசிய மன்றம் 1959இலும், ஆய்வு நிர்வாகிகள் சங்கம் 1967இலும் தொடங்கப்பட்டதே அதற்குச் சான்று.

கண்காணிப்பைக் குறித்த முதல் பெரிய மோதல் பணக்கணக்கில் எழுந்தது. வட கரோலினா உறுப்பினர் எல். எச். ஃபவுண்டன் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு 1961, 1962ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகள், நல்கைப் பணம் எப்படிச் செலவாகிறது என்பதைச் சுகாதார நிறுவனம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று குற்றஞ்சாட்டின. நல்ல ஆய்வாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றதை அவரிடமே விட்டுவிடலாம் என்ற அந்நிறுவனத்தின் நம்பிக்கைக் கொள்கை அதன்பின் நிலைக்கவில்லை; 1963இல் வந்த புதிய நல்கைக் கையேடு கட்டுப்பாடுகளை இறுக்கியது. பேராசிரியர்களுக்கு அதிகமாகச் சினமூட்டியது உழைப்பு அறிக்கை என்ற ஏற்பாடு. தம் நேரத்தில் எத்தனை விழுக்காடு எந்த நல்கைக்குச் செலவானது என்று எழுதிக் கையொப்பமிடுமாறு அது கேட்டபோது, கற்பித்தலும் சிந்தனையும் ஆய்வும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும் அறிவுழைப்பைத் தொழிற்சாலை நேரக்கணக்கைப் போல் பகுத்துக்காட்ட இயலாது என்று அவர்கள் எதிர்த்தனர். தணிக்கையாளர்களின் கண்ணில் அது பொதுப்பணத்துக்கான குறைந்தபட்சச் சான்று. இரு தரப்புக்கும் இடையே நின்று, படிவத்தை அனுப்பி, நினைவூட்டி, திரும்பப் பெற்றுக் கோப்பில் சேர்த்தவர்கள் ஆய்வு நிர்வாகிகளே. ஆசிரியர்களின் எரிச்சலும் அவர்கள் மீதே விழுந்தது.

பணக்கணக்கில் தொடங்கிய பொறுப்பு ஒப்படைப்பு, உயிர்களைப் பற்றிய கேள்விகளில் முழு வடிவம் பெற்றது. 1963இல் புரூக்ளின் பகுதி மருத்துவமனை ஒன்றில் முதிய நோயாளிகள் 22 பேருக்கு, உண்மையை விளக்காமல், உயிருள்ள புற்றுநோய்ச் செல்கள் ஊசிமூலம் செலுத்தப்பட்ட செய்தி வெளிவந்து நாட்டை அதிரவைத்தது. 1966 பிப்ரவரியில் தலைமை மருத்துவ அதிகாரி வில்லியம் ஸ்டூவர்ட் பிறப்பித்த ஆணை, மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுக்குப் பொதுச் சுகாதாரத் துறையின் பணத்தைப் பெற வேண்டுமானால், ஆய்வாளர் பணியாற்றும் நிறுவனத்தில் உள்ள குழு ஒன்று அந்த ஆய்வை முன்கூட்டியே பரிசீலித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஆய்வுக்கு உட்படுவோரின் உரிமைகளும் நலனும், அவர்களுடைய சம்மதம் பெறப்படும் முறை, ஆபத்துக்கும் பயனுக்கும் உள்ள விகிதம் ஆகிய மூன்றும் அக்குழுவின் பார்வைக்கு உரியவை. நாடெங்கும் ஆயிரக்கணக்கில் நடந்த ஆய்வுகளை வாஷிங்டனில் அமர்ந்து பரிசீலிப்பது நடவாத காரியம். பணத்தை நிறுத்திவைக்கும் அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பரிசீலனையை உள்ளூருக்கு அனுப்புவது எளிது.

அந்த ஆணை வந்து ஆறாண்டுகளுக்குப் பின், பொதுச் சுகாதாரத் துறையே 1932 முதல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகீ பகுதியில் நடத்திவந்த ஆய்வு பத்திரிகைகளில் அம்பலமானது. மேகநோய் என்று நாட்டுவழக்கில் அறியப்படும் சிஃபிலிஸ் கண்ட சுமார் 400 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் மருந்து தரப்படாமல், நோயின் இயற்கைப் போக்கு மட்டும் பதிவு செய்யப்பட்டு வந்தது. அதன் எதிரொலியாக 1974இல் நிறைவேறிய தேசிய ஆராய்ச்சிச் சட்டம் நிறுவன நெறிமுறைக் குழுக்களைச் சட்டத் தேவையாக்கியது. அச்சட்டம் அமைத்த ஆணையம் 1979இல் வெளியிட்ட பெல்மாண்ட் அறிக்கை, மனிதருக்கு மதிப்பு, நன்மை பயத்தல், நீதி ஆகிய மூன்று கோட்பாடுகளை நிறுவியது. ஐந்து பேருக்குக் குறையாத நெறிமுறைக் குழுவில், அறிவியல் துறை சாராத ஒருவரும் நிறுவனத்தோடு தொடர்பற்ற ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. இவற்றையெல்லாம் கடைப்பிடிப்பதாக நிறுவனம் அரசுக்கு எழுதிக் கொடுக்கும் ஆவணத்துக்கு உறுதிமொழி என்று பெயர்; அது இல்லாத நிறுவனத்துக்கு மனித ஆய்வுக்கான அரசு நல்கை இல்லை. தவறிழைத்தது அரசுத் துறையே என்றாலும், அதற்குக் கண்ட தீர்வில் சுமையின் பெரும்பகுதியை ஏற்றவை பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும்தான் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த மாதிரி வெற்றி பெற்றதாகக் கருதப்பட்டதால், அடுத்தடுத்து எழுந்த கவலைகளுக்கும் அதுவே மருந்தாயிற்று. மரபணுக்களை ஓர் உயிரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஆய்வின் ஆபத்துகளை அறிவியலாளர்களே 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடி விவாதித்தனர். அடுத்த ஆண்டு சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், அத்தகைய ஆய்வு நடக்கும் நிறுவனங்களில் உயிரிப் பாதுகாப்புக் குழுக்களுக்கு வழிகோலின. திருடப்பட்ட வளர்ப்பு நாய்கள் ஆய்வகங்களுக்கு விற்கப்பட்டதால் எழுந்த கொந்தளிப்பில் 1966இல் விலங்கு நலச் சட்டம் வந்தது. மேரிலாந்து மாநிலத்திலுள்ள ஆய்வகம் ஒன்றில் குரங்குகள் இருந்த அவலநிலை 1981இல் வெளிப்பட்ட பிறகு, 1985ஆம் ஆண்டின் திருத்தங்கள் கால்நடை மருத்துவர் ஒருவரும் வெளியாள் ஒருவரும் இடம்பெறும் குழுவை ஒவ்வொரு நிறுவனத்திலும் கட்டாயமாக்கின. 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம், அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளின் உரிமையைப் பல்கலைக்கழகங்கள் வைத்துக்கொள்ள அனுமதித்து, ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் நல்கையளித்த துறைக்கு அறிவிக்கும் கடமையையும் சேர்த்தே தந்தது. பொய்த்தரவு உருவாக்கல், தரவுத் திரிப்பு, எழுத்துத் திருட்டு ஆகியவற்றை விசாரிக்கும் முதற்பொறுப்பும் பின்னர் நிறுவனங்களிடமே வந்து சேர்ந்தது.

கண்காணிப்பவரை யார் கண்காணிப்பது என்ற கேள்வி 1991இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வெடித்தது. கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தின் சார்பில் அங்கு பணியாற்றிய பால் பிடில் என்ற அதிகாரி, மறைமுகச் செலவுக் கணக்கில் முறைகேடுகள் உள்ளதாகக் குற்றஞ்சாட்டினார். பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக வந்த ‘விக்டோரியா’ என்ற உல்லாசப் படகின் தேய்மானம் ஆய்வுச் செலவாக அரசிடம் காட்டப்பட்டிருந்தது ஜான் டிங்கெல் தலைமையிலான நாடாளுமன்ற விசாரணையில் நாடறிந்த செய்தியானது. பல்கலைக்கழகத் தலைவர் டொனால்டு கென்னடி பதவி விலகல் முடிவை அறிவித்தார். மறைமுகச் செலவு விகிதம் 55.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நிர்வாகச் செலவுக்கான பங்கு 26 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் வந்தது. 1994இல் 12 லட்சம் டாலருடன் வழக்கு முடிந்தபோது, மோசடி எதுவும் நிறுவப்படவில்லை. எனினும் அந்த 26 விழுக்காட்டு வரம்பு இன்றும் நீடிக்கிறது. அதன் பிறகு சேர்க்கப்பட்ட ஒவ்வொரு விதியையும் நிறைவேற்றும் நிர்வாகச் செலவு, உயராத அந்த வரம்புக்குள்ளேயே அடங்க வேண்டியிருக்கிறது.

உறுதிமொழியை மீறினால் என்ன நேரும் என்பதை நூற்றாண்டின் திருப்பம் காட்டியது. நெறிமுறைக் குழுவின் குறைபாடுகளுக்காக 1999இல் டியூக் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், ஆய்வில் பங்கேற்ற ஒருவர் இறந்ததையடுத்து 2001 ஜூலையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும், அரசுப் பணத்தில் நடந்த மனித ஆய்வுகள் ஏறத்தாழ முழுவதுமாகச் சில நாட்கள் நிறுத்தப்பட்டன. ஓர் ஆய்வாளரின் அல்லது ஒரு குழுவின் பிழைக்காகத் தொடர்பற்ற நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நின்றதைக் கண்ட பல்கலைக்கழகங்கள், விதி இணக்கத்துக்கென்று பயிற்சி வகுப்புகளையும் தனிப் பணியிடங்களையும் விரைந்து உருவாக்கின. பணக்கணக்கிலும் தரவுகளிலும் பொய் சொல்வது உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1863இல், ராணுவத்துக்கு மோசமான பொருட்களை விற்றவர்களுக்கு எதிராக இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டத்தின்கீழ் வரும். திரிக்கப்பட்ட தரவுகளைக் கொண்டு நல்கை பெறப்பட்டதான வழக்கில் டியூக் 2019இல் 11.25 கோடி டாலர் செலுத்தி உடன்பாட்டுக்கு வந்தது.

இந்த ஏற்பாட்டின் நிழல் இந்தியாவிலும் விழுந்தது. 1999, 2000ஆம் ஆண்டுகளில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்றுநோயாளிகள் மீது நடந்த மருந்துச் சோதனைக்குத் தன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறப்படவில்லை என்று, அதில் தொடர்புடைய பேராசிரியர் பணியாற்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2001 நவம்பரில் அறிவித்தது. ஆய்வு நடந்த இடம் கேரளமாக இருந்தாலும், ஆய்வாளரின் நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. அமெரிக்க அரசின் நல்கையோடு மனித ஆய்வு நடத்தும் சென்னை, வேலூர் மருத்துவ நிறுவனங்களும் அதே வகை உறுதிமொழியை அந்நாட்டு அரசிடம் பதிவு செய்தே பணம் பெறுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் தன் முதல் நெறிமுறை அறிக்கையை வெளியிட்டது; சென்னை ஐ.ஐ.டி.யில் வெளி நல்கை ஆய்வுகளையும் தொழில் ஆலோசனைப் பணிகளையும் நிர்வகிக்க 1973 முதல் தனி மையம் இயங்கிவருகிறது.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் நியாயமான காரணம் இருந்தபோதும், அவற்றின் மொத்த எடையை எவரும் திட்டமிடவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் இணைந்த கூட்டமைப்பு ஒன்று நடத்திய கணக்கெடுப்புகளில், கூட்டாட்சி நல்கை பெற்ற முதன்மை ஆய்வாளர்கள் தம் ஆய்வு நேரத்தில் 42 விழுக்காடு நிர்வாக வேலைகளுக்குச் செலவாவதாக 2005இலும் 2012இலும் மதிப்பிட்டனர். 2018இல் அது 44 விழுக்காடாயிற்று. ஏ-21 உள்ளிட்ட பல சுற்றறிக்கைகளை ஒன்றாக்கி 2014 இறுதியில் நடைமுறைக்கு வந்த பொது விதித்தொகுப்பும் அந்தச் சுமையைப் பெரிதாகக் குறைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் சுகாதார நிறுவனம் எல்லா நல்கைகளிலும் மறைமுகச் செலவை 15 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்தபோது, மாநில அரசுகளும் பல்கலைக்கழகங்களும் வழக்குத் தொடுக்க, பாஸ்டனிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த வழக்கில் விவாதிக்கப்பட்ட விழுக்காடு 1950களில் இருந்த அதே எண். ஆனால் அக்காலத்தில் நெறிமுறைக் குழுவோ, விலங்கு நலக் குழுவோ, உயிரிப் பாதுகாப்புக் குழுவோ சட்டக் கடமையாக இருக்கவில்லை. அரசு தன் கண்காணிப்புக் கடமையைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்ததற்குக் கொடுத்துவந்த விலையின் ஒரு பகுதியே மறைமுகச் செலவு. அந்த விலையைக் குறைக்க விரும்பும் எந்த அரசும், ஒப்படைத்த கடமைகளில் எவற்றைக் கைவிடுவது, எவற்றைத் தானே திரும்ப ஏற்பது என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.